அரபு நாடுகளுக்கு அல் ஜசீரா போதும், ஈரானுக்கு?

மலேசியாவில் இருந்துகொண்டு அரபு நாட்டு அரசியலை நாள்தோறும் பின்தொடர ஒரே ஒரு செய்திச் சேவைதான் வைத்துக்கொள்ளலாம் என்றால், அல் ஜசீரா ஆங்கிலத்தை வைத்துக்கொள்ளுங்கள். இதில் தயக்கமே வேண்டாம். ஆனால் ஈரான் செய்திக்கு அது பத்தாது. அதற்குப் பணம் தரும் கத்தாரைப் பற்றிய செய்திக்கு அதை எடுக்கவே கூடாது. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல், "அல் ஜசீராவிலேயே சொல்லிட்டான்" என்று கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவிலிருந்து பினாங்கு லெபோ பாசார் வரை வாட்ஸ்அப் குழுக்களில் முடிவு கட்டுகிறார்கள். "அது முஸ்லிம் சேனல், அப்படித்தான் சொல்லும்" என்று இன்னொரு கூட்டம் ஒரேயடியாகத் தள்ளுகிறது. இரண்டு பேச்சும் சேனலைப் பார்க்காமல் பேசும் பேச்சு.

கோலாலம்பூருக்கும் இந்தச் சேனலுக்கும் பழைய உறவு உண்டு. 2006 நவம்பர் 15-இல் ஆங்கில ஒளிபரப்பு தொடங்கியபோது தோஹா, லண்டன், வாஷிங்டன் ஆகியவற்றுடன் நான்காவது மையமாக இருந்தது பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம்தான். ஆரம்ப ஆண்டுகளில் நாளின் சில மணி நேரம் செய்தியே இங்கிருந்துதான் வாசிக்கப்பட்டது. இப்போது அந்த வாசிப்பு தோஹாவுக்குப் போய்விட்டது. பார்ப்பதற்குக் காசு வேண்டாம். யூடியூபில் 24 மணி நேரமும் நேரலை ஓடுகிறது. கைப்பேசி டேட்டா குறைவு என்றால் 480க்கு இறக்கிக்கொண்டாலே திரையின் அடியில் ஓடும் எழுத்து தெளிவாகத் தெரியும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அல் ஜசீரா அரபியும் அல் ஜசீரா ஆங்கிலமும் ஒரே முதலாளியின் கீழ் இயங்கும் இரண்டு செய்தி அறைகள். ஆசிரியர்கள் வேறு, தொனி வேறு, சில நேரம் துணிச்சலும் வேறு. அரபியில் வந்த ஒரு துண்டைக் காட்டி ஆங்கிலச் சேனலைத் திட்டுவதும், ஆங்கிலத்தில் வந்ததைக் காட்டி அரபிக்கு நற்சான்று கொடுப்பதும் பொருந்தாது.

இதன் பலம் களத்தில் இருக்கும் ஆட்கள். காசாவுக்குள் வெளிநாட்டு நிருபர்கள் சுதந்திரமாகப் போக இஸ்ரேல் அனுமதிக்காததால், 2023 அக்டோபருக்குப் பிறகு உலகம் பார்த்த நேரலைக் காட்சிகளில் பெரும்பங்கு அங்கேயே பிறந்து வளர்ந்த நிருபர்கள் அனுப்பியது. அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் பெரிது. 2022 மே 11-இல் ஜெனினில் நிருபர் ஷிரீன் அபு அக்லே கொல்லப்பட்டார். 2024 ஜனவரியில் காசா அலுவலகத் தலைவர் வாயில் தஹ்தூஹின் மகன், அவரும் செய்தியாளர், ஹம்சா. 2025 ஆகஸ்ட் 10-இல் காசா நிருபர் அனஸ் அல் ஷரீஃப். இஸ்ரேல் 2024 மே மாதம் தன் எல்லைக்குள் சேனலை மூடியது. செப்டம்பரில் ரமல்லா அலுவலகத்துக்குள் படையை அனுப்பியது. 2025 ஜனவரியில் பாலஸ்தீன ஆணையமும் தன் பங்குக்குத் தடை போட்டது. இரண்டு பக்கமும் மூடத் துடிக்கிற ஒரு சேவை, பாலஸ்தீனத்தில் நிச்சயமாக வேலை செய்திருக்கிறது. சூடானும் அப்படித்தான். 2023 ஏப்ரல் 15-இல் வெடித்த போரை மற்ற பெரிய சேனல்கள் மாதத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தபோது, இதில் அது விடாமல் இருந்தது.

இனி காசு எங்கிருந்து வருகிறது என்பது. 1996-இல் சவூதி நிறுவனம் ஒன்றோடு கூட்டாக நடந்த பிபிசியின் அரபுத் தொலைக்காட்சி மூடப்பட்டது. வேலையிழந்த செய்தியாளர்களில் பலரை அள்ளிக்கொண்டு, அன்றைய கத்தார் அமீர் ஹமத் கொடுத்த 50 கோடி ரியாலில், அதே ஆண்டு நவம்பர் 1-இல் அல் ஜசீரா தொடங்கியது. இன்றும் செலவைத் தாங்குவது கத்தார் அரசுதான். அதனால் தினமும் பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. எந்தச் செய்திக்கு எத்தனை நிமிடம், எதற்கு மௌனம் என்பதில்தான் அந்தப் பணம் தெரியும். 2011-இல் எகிப்து, லிபியா, சிரியா எழுச்சிகளை இரவும் பகலும் காட்டிய அரபுச் சேனல், பஹ்ரைன் எழுச்சியை அடக்க வளைகுடா நாடுகளின் கூட்டுப்படை நுழைந்தபோது குரலைத் தாழ்த்தியது. அந்தப் படையில் கத்தாரும் இருந்தது. ஆங்கிலச் சேனல் பஹ்ரைனைப் பற்றி நல்லதோர் ஆவணப்படம் எடுத்தது. அரபுச் சேனலில் அது வரவில்லை. 2013 ஜூலையில் எகிப்தில் அதிபர் முர்சி கவிழ்ந்தபோது, முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்துக்குச் சாய்கிறார்கள் என்று சொல்லி அதன் எகிப்து நேரலைச் சேனலிலிருந்து 22 ஊழியர்கள் விலகினார்கள்.

போட்டிச் சேனல்களை ஒப்பிடாமல் இதை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. துபாயில் 2003-இல் தொடங்கிய அல் அரபியா சவூதிப் பணம். 2012-இல் வந்த ஸ்கை நியூஸ் அரேபியா அபுதாபிப் பணம். 2017 மே 24-இல் நடந்ததைப் பாருங்கள். கத்தார் அரசுச் செய்தி நிறுவனத்தின் தளத்துக்குள் யாரோ புகுந்து, அமீர் தமீம் ஈரானைப் புகழ்ந்ததாக ஒரு பேச்சைப் போட்டார்கள். தளம் ஊடுருவப்பட்டது, பேச்சு பொய் என்று கத்தார் உடனே மறுத்தது. மறுப்பு வந்த பிறகும் அல் அரபியாவும் ஸ்கை நியூஸ் அரேபியாவும் அதே பேச்சை மணிக்கணக்கில் ஓட்டின. இரண்டே வாரத்தில், ஜூன் 5-இல், சவூதி, அமீரகம், பஹ்ரைன், எகிப்து நான்கும் கத்தாரோடு உறவை முறித்தன. பிறகு நீட்டிய 13 கோரிக்கைகளில் ஒன்று அல் ஜசீராவை இழுத்து மூடு என்பது. 2021 ஜனவரியில் சவூதியின் அல் உலாவில் சமாதானம் ஆனது, சேனல் மூடப்படவில்லை. ஆனால் அதற்குப் பிறகு சவூதியைப் பற்றிய அதன் சூடு ஆறிவிட்டது. 2018 அக்டோபரில் நடந்த சவூதிச் செய்தியாளர் ஜமால் கஷோகி கொலையை அன்று அவர்கள் துருவிய அளவுக்கு ரியாத் விவகாரம் எதையும் இப்போது துருவுவதில்லை. உறவு கெட்டிருக்கும்போது கூர்மை, சரியானதும் மழுக்கம். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. எந்தச் செய்தியைப் பார்த்தாலும், அந்த வாரம் தோஹாவுக்கும் அந்த நாட்டுக்கும் எப்படி இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

சிரிய அதிபர் அசாத் 2024 டிசம்பர் 8-இல் ஓடிய பிறகு சிரியாவிலும் இதே சிக்கல் வந்துவிட்டது. புதிய டமாஸ்கஸ் அரசு கத்தாருக்கு நெருக்கமானது. 2025 மார்ச்சில் கடலோரத்தில் அலவி என்ற சிறுபான்மைப் பிரிவினரின் கிராமங்களில் நடந்த கொலைகள், ஜூலையில் ஸுவைதாவில் துரூஸ் சிறுபான்மை மக்களுக்கு நேர்ந்தது ஆகியவற்றுக்கு அல் ஜசீராவோடு நிற்காமல் ‘எனாப் பலதி’ (Enab Baladi) என்ற பத்திரிகையையும் படியுங்கள். 2011-இல் தாரய்யா ஊர் இளைஞர்கள் தொடங்கிய சிரியப் பத்திரிகை அது. ஆங்கிலப் பதிப்பும் உண்டு.

இப்போது நம்மூருக்கு மிக நெருக்கமான ஓட்டைக்கு வருவோம். 2020 மே 1-இல், கோவிட் காலத்தின் கடும் கட்டுப்பாட்டில் இருந்த மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில், சிலாங்கூர் மேன்ஷன், மலாயன் மேன்ஷன் கட்டடங்களில் குடிநுழைவுத் துறை சோதனை நடத்தி ஆவணமில்லாத தொழிலாளர்களைப் பிடித்துச் சென்றது. அதைத் தொட்டு ஜூலை மாதம் அல் ஜசீரா ஓர் ஆவணப்படம் வெளியிட்டது. அதில் பேசிய வங்காளதேச இளைஞர் கைதாகி நாடு கடத்தப்பட்டார். ஆகஸ்டில் கோலாலம்பூர் அலுவலகத்தில் போலீஸ் நுழைந்து கணினிகளை எடுத்துப்போனது. படம் துணிச்சலானது, தேவையானதும்கூட. தொழிலாளியைக் குற்றவாளிபோல் வரிசையில் உட்கார வைத்ததை உலகத்துக்குக் காட்டியது. ஆனால் இதே கேள்விகளை, இதே கோபத்தோடு, இதே சேனல் தோஹாவின் தொழிலாளர் குடியிருப்புகளில் கேட்டதில்லை. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போன எத்தனையோ பேர் அங்கே கட்டடமும் வீட்டு வேலையும் செய்கிறார்கள். 2022 உலகக் கோப்பைக்கு முன் அவர்கள் சாவைப் பற்றிய பெரிய செய்திகளை வெளியே கொண்டுவந்தது பிரிட்டன் பத்திரிகைகள்.

கத்தாரில் சொந்தக்காரர்கள் வேலை செய்கிறார்கள் என்றால் இந்த இரண்டு தேதிகள் உதவும். முதலாளியின் ஆட்சேபமில்லாச் சான்று இல்லாமலே வேலை மாறலாம் என்று 2020 செப்டம்பரில் சட்டம் மாறியது. மாதம் 1,000 ரியால் குறைந்தபட்ச ஊதியம் 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது, உணவும் இடமும் முதலாளி தராவிட்டால் அதற்குத் தனிப்படி. சட்டம் தாளில் இருக்கிறது. நடப்பது எப்படி என்பதை மைக்ரன்ட் ரைட்ஸ் என்ற தளம் தொடர்ந்து எழுதுகிறது. வளைகுடா வேலைச் செய்திக்கு நேரே அங்கே போங்கள்.

ஈரானுக்கு வேறு கணக்கு. அல் ஜசீராவுக்கு டெஹ்ரானில் அலுவலகம் உண்டு, அரசு அனுமதியோடு. அனுமதி கையில் இருக்கும்வரைதான் அலுவலகம். பிபிசி பாரசீகமும் ஈரான் இன்டர்நேஷனலும் லண்டனிலிருந்து பேசுகின்றன. உள்ளே நிருபர் வைக்க வழியில்லை. ஒருவருக்குக் கால் இருக்கிறது, வாய் கட்டியிருக்கிறது. மற்றவர்களுக்கு வாய் இருக்கிறது, கால் இல்லை. அதனால் ஒன்றை வைத்து மற்றொன்றைச் சரிபார்க்காமல் ஈரானைப் பற்றி எதுவும் முடிவாகச் சொல்ல முடியாது.

இந்த இரண்டில் பிபிசி பாரசீகம் நிதானமானது. வானொலி 1940 முதல் 2023 வரை, தொலைக்காட்சி 2009 ஜனவரியிலிருந்து. கிடைத்த வீடியோவை எங்கே, எப்போது எடுத்தது என்று சரிபார்த்துவிட்டுப் போடும் பழக்கம் உண்டு, அதனால் ஓரிரு மணி நேரம் தாமதம். 2017-இல் தொடங்கிய ஈரான் இன்டர்நேஷனல் வேகமானது, சூடானது, அரசெதிர்ப்பில் ஊறியது, புரட்சிக்கு முன் ஆண்ட ஷாவின் அரச குடும்பத்துக்குச் சாய்வது. பணம் சவூதியிலிருந்து வருகிறது என்று 2018-இல் கார்டியன் எழுதியது; யார் சொல்லுக்கும் கட்டுப்படுவதில்லை என்பது சேனலின் பதில். மிரட்டலால் 2023-இல் சில மாதம் வாஷிங்டனுக்கு இடம் மாறவேண்டி வந்தது. 2024 மார்ச்சில் அதன் தொகுப்பாளர் ஒருவர் லண்டன் தெருவில் கத்தியால் குத்தப்பட்டார். அவர்கள் உழைப்புக்கு மரியாதை உண்டு. ஆனால் எண்ணிக்கை எதையும் அவர்கள் சொன்னவுடன் எடுத்துக்கொள்ளாதீர்கள். அரசுத் தரப்பைப் படிக்க ஈரான் அரசின் ஆங்கிலச் சேனலான பிரஸ் டிவி வீண்; வெளியாட்களுக்காகச் சமைத்த பிரச்சாரம். ஈரானியருக்காகவே எழுதும் தஸ்னீம், ஃபார்ஸ் என்ற இரண்டு செய்தி நிறுவனங்களும், ஆட்சியைக் காக்கும் தனிப் படையான புரட்சிக் காவற்படைக்கு நெருக்கமானவை. காவற்படை என்ன நினைக்கிறது என்பதை அவற்றில் பார்க்கலாம். அரசுச் செய்தி நிறுவனமான இர்னா அந்தந்த நேரத்து அதிபர் அரசின் குரல். இவை ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் நாள்களில்தான் உள்ளே என்ன சண்டை என்பது வெளியே தெரியும்.

உள்ளேயே இருந்து உண்மை எழுதுகிறவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். ஹிஜாப் விதியைச் சொல்லிக் கைது செய்யப்பட்டு இறந்த இளம்பெண் மாசா அமினி, 2022 செப்டம்பரில் மருத்துவமனையில் கிடந்ததை வெளியே சொன்னவர் ஷர்க் நாளிதழின் நிலூஃபர் ஹமேதி. அவருடைய ஊரான சக்கெஸில் நடந்த அடக்கத்தை எழுதியவர் ஹம் மிஹன் நாளிதழின் எலாஹே முகமதி. இருவரும் ஓராண்டுக்கு மேல் சிறையில் இருந்து 2024 ஜனவரியில்தான் பிணையில் வந்தார்கள். "ஹிஜாப் போராட்டம் மேற்கத்தியர் தூண்டிவிட்டது" என்று இங்கே எளிதாகச் சொல்கிறவர்கள், செய்தியை முதலில் எழுதியது டெஹ்ரானில் அச்சான இரண்டு பத்திரிகைகளின் பெண் நிருபர்கள் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மலாய் மொழி விவாதங்களைப் படித்து ஈரானைப் புரிந்துகொள்ள முயல்கிறவர்களுக்கு இன்னொரு தடை: 1996-இல் மலேசியத் தேசிய ஃபத்வா குழு, ஈரானின் பெரும்பான்மைப் பிரிவான ஷியாவின் போதனை இந்நாட்டுக்கு ஆகாது என்று முடிவெடுத்தது. அதனால் பாலஸ்தீனம் பேச்சில் வந்தால் ஈரான் வீரன், மதம் பேச்சில் வந்தால் ஈரான் வழிகேடு. நடுவில் ஒன்பது கோடி மனிதர்கள் வாழும் நாடு காணாமல் போகிறது.

பாரசீகம் தெரியாமல் இவற்றைப் பின்தொடர யூடியூபின் தானியங்கி வசனமும் தளங்களின் தானியங்கி மொழிபெயர்ப்பும் போதும். மூன்று இடங்களில் மட்டும் அது ஆளைக் கவிழ்த்துவிடும்.

முதலாவதும் பெரியதும் பணம். ஈரானின் அதிகாரப்பூர்வ நாணயம் ரியால்; மக்கள் பேசுவதோ தொமானில். 10 ரியால் ஒரு தொமான். அரசு ஆவணம் ரியாலில் இருக்கும், கடைவிலையும் செய்தித் தலைப்பும் பெரும்பாலும் தொமானில் இருக்கும், மொழிபெயர்க்கும் இயந்திரம் இரண்டையும் குழப்பும். இதற்கு மேல் அரசு விலை வேறு, வெளிச்சந்தை டாலர் விலை வேறு. ஒருவருக்கு மாதச் சம்பளம் ஒரு கோடி தொமான் என்று செய்தி வருவதாக வைத்துக்கொள்வோம். அது 10 கோடி ரியால். 2025-இல் வெளிச்சந்தையில் டாலர் 10 லட்சம் ரியாலைத் தொட்டது. அந்தக் கணக்கில் சம்பளம் 100 டாலர். தொமானை ரியால் என்று தவறாக எடுத்தால் 10 டாலர். 2018-இல் அரசு நிர்ணயித்த 42,000 ரியால் விலையை ஒருவர் போட்டுவிட்டால் 2,381 டாலர். ஒரே சம்பளம், மூன்று விடை. "ஈரானில் மாதம் பத்து டாலருக்கு வேலை செய்கிறார்கள்", "ஈரானில் எல்லாரும் வசதி" என்று எதிரெதிராக வரும் இரண்டு ஃபார்வர்டுகளும் இங்கிருந்துதான் பிறக்கின்றன. எந்தத் தொகையைப் பார்த்தாலும் அலகு என்ன, எந்த நாள் விலை, எந்தச் சந்தை என்று மூன்றையும் பாருங்கள். வெளிச்சந்தை விலையை பொன்பஸ்த் என்ற தளம் அன்றாடம் தொமானில் போடுகிறது. லெபனானிலும் இதே கதைதான்: 1997-இலிருந்து ஒரு டாலர் 1,507.5 லிரா என்று அரசு சொல்லிக்கொண்டே இருந்தது, 2023 பிப்ரவரியில் 15,000 ஆக்கியபோது சந்தை அதைவிட எங்கோ போயிருந்தது. அந்த ஆண்டுகளின் லெபனான் புள்ளிவிவரம் எதையும் விலை தெரியாமல் தொடாதீர்கள்.

இரண்டாவது தேதி. ஈரானின் 1404-ஆம் ஆண்டு 2025 மார்ச் 21-இல் பிறந்தது. ஈரான் ஆண்டோடு 621 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். பெட்ரோல் விலை உயர்வுக்கு எதிரான போராட்டத்தை அவர்கள் ஆபான் 98 என்பார்கள். 1398-இன் ஆபான் மாதம், அதாவது 2019 நவம்பர். இது தெரியாததால் பழைய வீடியோ புதிதாக வலம் வருகிறது. திரையின் மூலையில் ஈரான் தேதி இருந்தால் முதலில் அதைக் கணக்குப் போடுங்கள்.

மூன்றாவது எண்கள். பினாங்கில் ஜாவி (அரபு எழுத்தில் மலாய்) படித்தவர்களும் அர்வி (அரபு எழுத்தில் தமிழ்) தெரிந்த பெரியவர்களும் இன்னும் இருக்கிறார்கள். பாரசீக எழுத்து அவர்களுக்குப் பாதி பழக்கமானது. ஆனால் 4, 5, 6 ஆகிய மூன்று எண்களைப் பாரசீகத்தில் வேறு வடிவில் எழுதுவார்கள். ஓடும் எழுத்தில் இறந்தோர் எண்ணிக்கையைப் படிக்கும்போது தப்பாவது பெரும்பாலும் இங்கேதான்.

நேரக் கணக்கையும் சொல்லிவிடலாம். கோலாலம்பூர் தோஹா, ரியாத், பாக்தாத், டமாஸ்கஸைவிட 5 மணி நேரம் முந்தி, துபாயைவிட 4, டெஹ்ரானைவிட நாலரை. ஈரான் 2022-க்குப் பிறகு கோடை நேரம் மாற்றுவதில்லை, பழைய செயலிகள் சில இன்னும் மாற்றிக் காட்டும். கெய்ரோவும் பெய்ரூட்டும் கோடையில் 5, குளிரில் 6. டெஹ்ரான் ஜும்மா உரை நமக்கு மாலை நாலரை வாக்கில். ஈரானில் வெள்ளிக்கிழமை நாளிதழ் வராது. அன்று "செய்தியே இல்லை" என்பதற்கு அர்த்தம் அவ்வளவுதான்.

இதெல்லாம் ஒன்றுகூடிய நாள் 2025 ஜூன் 23. இஸ்ரேல்–ஈரான் போரின் பதினோராம் நாள், கத்தாரில் உள்ள அல் உதைது அமெரிக்கத் தளத்தின்மேல் ஈரான் ஏவுகணை விட்டது. தோஹாவில் மாலை; இங்கே நள்ளிரவு தாண்டியிருந்தது. தாக்குதல் அல் ஜசீராவின் சொந்த ஊரின் மேலேயே. நேரலைக்கு அன்று அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் கத்தார் முன்கூட்டியே எவ்வளவு தெரிந்து வைத்திருந்தது, அமெரிக்கத் தளத்தை வைத்திருப்பதன் விலை என்ன என்ற கேள்விகளுக்கு வேறு இடம் போகவேண்டியிருந்தது. ஈரானுக்குள் இணையம் இன்னும் முழுதாகத் திரும்பாததால் லண்டன் சேனல்களும் தடுமாறின. அப்படிப்பட்ட இரவில் டெஹ்ரான் என்று வரும் வீடியோவில் வடக்கே எல்புர்ஸ் மலையோ, 435 மீட்டர் மிலாத் கோபுரமோ எந்தப் பக்கம் தெரிகிறது என்று பார்த்தாலே பாதிப் பொய் கழிந்துவிடும்.

நாளுக்கு அரை மணி நேரம் ஒதுக்க முடிந்தால் காலையில் அல் ஜசீரா ஆங்கிலத் தளம், மாலையில் பிபிசி பாரசீகம் மொழிபெயர்ப்போடு. சவூதி, அமீரகச் செய்திக்கு அல் அரபியா ஆங்கிலத்தை எதிர்ப்பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். இவற்றுக்குக் காசு வேண்டாம். மாதம் கொஞ்சம் ரிங்கிட் செலவழிக்க முடியும் என்றால் எந்த அரசும் பின்னால் நிற்காத இரண்டுக்குக் கொடுங்கள். ஒன்று பெய்ரூட்டின் லோரியான் டுடே. வங்கிகள் மக்கள் பணத்தை முடக்கிய கதையை நுணுக்கமாக எழுதியவர்கள். மற்றொன்று கெய்ரோவின் மதா மஸ்ர். 2013-இல் லினா அத்தாலாவும் தோழர்களும் தொடங்கியது. 2017 மே முதல் எகிப்துக்குள் அதன் தளம் முடக்கப்பட்டிருக்கிறது, உள்நாட்டு வாசகர்கள் சுற்றுவழியில் வந்துதான் படிக்கிறார்கள். கோலாலம்பூரிலிருந்து முகவரியைத் தட்டினால் நேராகத் திறக்கும். உறுப்பினர் சந்தா கட்ட வெளிநாட்டு அட்டையும் செல்லும்.